நிழற்கொசுவும் வெயிற்கொசுவும்

மலாயாவின் வரலாற்றை எழுதிய பலரும் ஈயத்தைப் பற்றியும் இரப்பரைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். கொசுவைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. அவருள்ளும் பெரும்பாலோர் மருத்துவர்கள். இந்நாட்டுக் காடுகள் வெட்டப்பட்ட கதையையும், அவற்றை வெட்ட வந்த தமிழர் காய்ச்சலுக்கு இரையான கதையையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோர், அம்மருத்துவர்களின் ஏடுகளைப் புரட்டியே ஆகவேண்டும். மரத்தை வெட்டினால் நிழல் போகும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. அந்த நிழல் போனதால் மலாயாவின் ஒரு பகுதியில் உயிர்கள் பிழைத்தன. இன்னொரு பகுதியில் உயிர்கள் மாய்ந்தன. இரண்டையும் செய்தது ஒரே கோடரிதான்.

காடழிப்பு இந்நிலப்பகுதிக்கு இரப்பரோடு வந்த பழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீனக் குடியானவர்கள் கேம்பியரும் மிளகும் பயிரிட்டனர். கேம்பியர் இலையைக் காய்ச்சிச் சாறெடுக்க விறகு வேண்டும். விறகுக்குப் பக்கத்துக் காடு வேண்டும். மண்ணின் வளமும் சுற்றியிருந்த விறகும் தீர்ந்த பின் தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டிற்கு நகர்ந்தனர். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது. 1883ஆம் ஆண்டில் நத்தேனியல் கேன்ட்லி என்பார் நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தபோது, சிங்கப்பூர்த் தீவில் எஞ்சியிருந்த காடு மிகச் சிறிதே. எனினும் கேம்பியர் அழித்த காடு, பின்னர் இரப்பர் அழித்த காட்டின் முன் ஒரு கைப்பிடி அளவுதான்.

1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் வழிவந்த மரங்களைக் கொண்டு, மரத்திற்குக் கேடின்றிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி உருவாக்கினார். 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதுவரை காப்பியை நம்பியிருந்த வெள்ளைத் துரைமார்கள் சிலர் தயங்கித் தயங்கியே இரப்பரைத் தொட்டனர். பிறகு மேலைநாடுகளில் மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியது, தயக்கம் பறந்தது. 1905ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஏக்கராக இருந்த இரப்பர், 1920களின் தொடக்கத்தில் இருபது இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. இத்துணைப் பரப்புள்ள காட்டை இத்துணைக் குறுகிய காலத்தில் வீழ்த்தி எரித்த நிகழ்ச்சி இந்நாட்டு வரலாற்றில் அதற்கு முன் நடந்ததில்லை.

வீழ்த்தவும் எரிக்கவும் நடவும் கைகள் வேண்டியிருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறிய தமிழர் முதலில் சஞ்சிக்கூலிகளாகவும், பின்னர்க் கங்காணிகள் வழியாகவும் வந்தனர். தஞ்சை, திருச்சி, சேலம் முதலான மாவட்டங்களின் வறண்ட ஊர்களில் பஞ்சத்தையும் கடனையும் கண்டு வந்தவர்களே அவர்களுள் மிகுதி. மலாயாவின் காய்ச்சலை எதிர்த்து நிற்கும் வலிமை அவர்கள் உடலில் இல்லை. 1911ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளருள் ஆயிரத்திற்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இது எல்லாத் தோட்டங்களையும் சேர்த்துக் கண்ட கணக்கு. சில தோட்டங்களில் அவ்வெண்ணிக்கை ஆயிரத்திற்கு 200ஐயும் கடந்தது. ஐவருக்கு ஒருவர் ஓராண்டிற்குள் இறந்துபோகும் இடத்தை ஊர் என்று சொல்வது எங்ஙனம்? இறந்தோருள் எல்லாரும் மலேரியாவால் இறந்தவர் அல்லர். வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் தம் பங்கைச் செய்தன. ஆனால் பிற நோய்கள் எளிதில் பற்றும்படி உடலை முன்னரே உருக்கி வைத்தது மலேரியாவே. கருவுற்ற பெண்களுக்கு அது கருச்சிதைவையும் கொணர்ந்தது.

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்பதில் அக்காலத்தில் பெருங்குழப்பம் இருந்தது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் தீய காற்றே காரணம் என்று தலைமுறை தலைமுறையாக நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே தீய காற்று என்பதுதான். புதிதாக வெட்டிய மண்ணிலிருந்து நச்சாவி எழுவதாகச் சொன்னோரும் உண்டு. 1897ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் குடலில் மலேரியாக் கிருமியைக் கண்டதோடு இந்நம்பிக்கைகள் ஆட்டம் கண்டன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மால்கம் வாட்சன் என்னும் இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார்.

அவர் வந்த ஆண்டில் கிள்ளான் காய்ச்சலில் தத்தளித்தது. நகரைச் சுற்றிலும் சதுப்பும் காடும் சூழ்ந்திருந்தன. ஆற்றின் கழிமுகத்தில், அலையாத்திக் காட்டை அழித்து அமைத்த சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே அங்கு வேலை செய்தோர் கூட்டங்கூட்டமாக நோயில் வீழ்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வாட்சனும் சிலாங்கூர் மாநில மருத்துவர் டிராவர்சும் வேறு வழி கூறினர். காட்டை வெட்டுக, சதுப்பை வடிக்க வாய்க்கால் வெட்டுக, கடல்நீர் புகாதபடி கரை எழுப்புக என்றனர். அரசு செவிசாய்த்தது. 1901ஆம் ஆண்டில் கிள்ளானிலும் துறைமுகத்திலும் இறந்தோர் 582 பேர். அவருள் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். அடுத்த ஆண்டில் இறந்தோர் 144 பேர்; காய்ச்சலால் இறந்தோர் 59 பேர். கொசுவை ஒழித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திய உலகின் முதல் வெற்றிகளுள் ஒன்றாக இதனை ராஸ் போற்றினார்.

இதில் ஒரு முடிவு இயல்பாகவே பிறந்தது. காடு நோயைத் தருகிறது; காட்டை வெட்டினால் நோய் அகலும். இம்முடிவு தோட்ட முதலாளிகளின் காதில் தேனாகப் பாய்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இலாபத்திற்காகச் செய்யும் வேலையே அறமாகவும் அமைந்துவிட்டால் யார்தாம் மகிழார்! கடற்கரையை ஒட்டிய சமவெளித் தோட்டங்களில் இம்முடிவு மெய்யாகவும் இருந்தது. காப்பார், ஜெராம் போன்ற வட்டாரங்களில் காடு விலக விலக, வாய்க்கால் நீள நீள, லயங்களில் காய்ச்சல் குறைந்தது. அங்கு நோயைப் பரப்பியதாக அறியப்பட்ட கொசு 'அனோபிலிஸ் அம்பிரோசஸ்'. அச்சொல்லுக்கே நிழல் சார்ந்தது என்பது பொருள். மரநிழலில், இலை அழுகிப் பழுப்பேறித் தேங்கிய நீரில் அது முட்டையிடும். நீர் வடிந்து வெயில் விழுந்தால் அதற்கு அங்கு வாழ்வில்லை.

சமவெளியைத் தாண்டி இரப்பர் குன்றுகளில் ஏறியது. அங்கும் துரைமார்கள் அதே முறையைக் கையாண்டனர். குன்றின் மரங்களை வீழ்த்தினர், எரித்தனர், குன்றுகளுக்கிடையே ஓடும் சிற்றோடைகளின் இருபுறமும் இருந்த புதரையும் பெரணியையும் செதுக்கி எறிந்தனர், தேங்கிய நீரை வடித்துத் தெளிந்த நீராக ஓடவிட்டனர். புல் பூண்டு ஒன்றுமின்றி மண் தெரியும்படி தோட்டத்தை வைத்திருப்பதே நல்ல மேலாளருக்கு அடையாளம் என்று கருதப்பட்ட காலம் அது. (அப்படிச் செதுக்கிய சரிவுகளிலிருந்து மேல்மண் எவ்வளவு ஆற்றோடு போயிற்று என்பது தனியே எழுதத்தக்க செய்தி.) தண்ணீர் எடுக்க வசதியாக இருக்கும் என்று பல தோட்டங்களில் ஓடைக்கு அருகிலேயே லயங்களைக் கட்டினர். எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஓடைநீர் பளிங்குபோல் ஓடியது. ஆனால் காய்ச்சல் குறையவில்லை, ஏறியது. ஆயிரத்திற்கு 200 பேர் மாண்ட கணக்குகள் இத்தகைய மலைத் தோட்டங்களிலிருந்தே வந்தன.

வாட்சன் தம் கணக்கைக் குழந்தைகளிடமிருந்து தொடங்கினார். மலேரியா அடிக்கடி தாக்கிய உடலில் மண்ணீரல் வீங்கும். அதனால்தான் மலாய்க்காரர்கள் அதனை 'டெமாம் கூரா' என வழங்கினர். கூரா என்பது மண்ணீரல். லயங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடது விலாவின் கீழ் விரலால் அழுத்திப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்துள்ளது என்று அவர் எழுதிக்கொண்டார். தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக இவ்வேலை நடந்தது. சமவெளியில் காட்டோரத்தை விட்டு விலகிய லயங்களில் எண்ணிக்கை இறங்கியது. குன்றுகளிலோ காட்டை விட்டு எவ்வளவு விலகினும் ஓடை அருகில் இருந்தால் எண்ணிக்கை இறங்கவில்லை. மலாயாவின் மலேரியாப் படம் முதன்முதலில் அப்பிள்ளைகளின் வயிற்றின்மேல்தான் வரையப்பட்டது. அவர்களுள் ஒருவர் பெயரும் அந்த ஏடுகளில் இல்லை.

குன்றோடைகளில் வாழ்ந்தது வேறொரு கொசு. 'அனோபிலிஸ் மக்குலாட்டஸ்' என்னும் அது தேங்கிய நீரை நாடாது. வெயில் படும் தெளிந்த ஊற்றுநீர், கசிவுநீர், ஓடையின் விளிம்பில் புல்லைத் தழுவி மெல்ல நகரும் நீர் ஆகியவையே அதற்கு உகந்தவை. அடர்ந்த காட்டின் நிழலில் ஓடும் ஓடையில் அதற்கு இடமில்லை. மனிதன் காடு புகாத வரையில் அந்தக் குன்றுகளில் அது அரிதாகவே வாழ்ந்தது. மரங்களை வெட்டி ஓடையின்மேல் வெயிலை இறக்கியபோது, அதற்கென்றே தொட்டில் கட்டிக் கொடுத்ததாயிற்று. இளம் இரப்பர்க் கன்றுகள் நிழல் தரும் அளவு வளரப் பல ஆண்டுகள் ஆகும். வளர்ந்த பின்னும் ஓடைக்கரைகளைச் செதுக்கியே வைத்திருந்ததால் அங்கு வெயில் நிலைத்தது. கன்னிக்காடு நிற்கும் குன்றுகளில் மலேரியா இல்லை என்பதைப் பூச்சியியல் அறிஞர் ஸ்டிரிக்லண்டும் எடுத்துக் காட்டினார்.

உப்பங்கழிகளிலோ மூன்றாவது கொசு ஒன்று இருந்தது. அலையாத்தி மரங்களை வெட்டி, அலைநீர் வந்துபோகும் வழியை அரைகுறையாக அடைத்தால், வெயிலில் காயும் உவர்நீர்க் குட்டைகளில் அது பெருகும். மாறாகப் பேராக் மாநிலத்தின் கிரியான் வட்டாரத்தில், பல்லாயிரம் ஏக்கர் நெல்வயலில் நீர் தேங்கிக் கிடந்தும், கொசுக்கள் மொய்த்தும், மலேரியா மிகக் குறைவாகவே இருந்தது. அவ்வயல்களில் வாழ்ந்த கொசு வகைகள் நோயைப் பரப்பும் திறம் குன்றியவை. தேங்கிய நீரெல்லாம் தீது, ஓடும் நீரெல்லாம் நன்று என்ற பழைய பாடம் இந்நாட்டில் செல்லுபடியாகவில்லை.

வாட்சன் தம் நூலை 1911ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1921ஆம் ஆண்டில் அதனை விரிவாக்கினார். அதில் அவர் நாட்டை நிர்வாக எல்லைப்படி பிரிக்காமல் அலையாத்தி நிலம், கடற்கரைச் சமவெளி, குன்று நிலம் என நிலத்தின் இயல்புப்படி பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நீரையும் கொசுவையும் நோயையும் தனித்தனியே பேசுகிறார். தொல்காப்பியம் பயின்ற மாணவர்க்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. நெய்தலுக்கும் மருதத்திற்கும் குறிஞ்சிக்கும் தனித்தனி நீரும் புள்ளும் விலங்கும் வகுத்துக் கருப்பொருள் எனப் பெயரிட்ட மரபு நம்முடையது. நிலம் தன் இயல்பு திரிந்தால் அது வேறொரு நிலமாகிவிடும் என்னும் கருத்தையும் இளங்கோவடிகள் காடுகாண் காதையில் வைத்துள்ளார். குன்றோடையின் நிழலை நீக்கியவர்கள் குறிஞ்சியைத் திரித்து வேறொன்றாக்கினர். அந்த வேற்று நிலத்தின் கருப்பொருளாக வந்து சேர்ந்தது மக்குலாட்டஸ்.

நோயின் காரணம் தெரிந்த பின் தீர்வு தேடினர். ஓடையை மண்ணுக்குள் மறைத்துவிட்டால் கொசுவுக்கு நீரே தெரியாது என்று கருதி, பள்ளத்தாக்கின் அடியில் சுட்டமண் குழாய்களைப் பதித்து நீரை நிலத்தடியில் ஓடவிட்டனர். பத்துத் தீகா அருகிலிருந்த சீபீல்டு தோட்டம் இம்முறையை முதலில் மேற்கொண்ட தோட்டங்களுள் ஒன்று. இன்றைய சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி அந்நிலத்தில்தான் எழுந்துள்ளது. சிங்கப்பூரில் தெலுக் பிளாங்கா வட்டாரத்திலும் 1911ஆம் ஆண்டில் வாட்சனின் அறிவுரைப்படி நிலத்தடி வடிகால்கள் அமைக்கப்பட்டன. குழாய் பதிக்கச் செலவு மிகுதி. ஆகவே 1914ஆம் ஆண்டிலிருந்து எண்ணெய் தெளிக்கும் முறை பரவியது. கொசுப்புழு வளர்ந்து பறக்க ஒரு வாரத்திற்குமேல் ஆகும். வாரந்தோறும் நீரின்மேல் எண்ணெய்ப் படலம் விரித்தால் அது மூச்சு முட்டிச் சாகும். முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து ஓடை ஓடையாக நடந்தவர்களும் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களே. அவ்வெண்ணெய் ஓடையின் பிற உயிர்களை என்ன செய்தது என்று அன்று யாரும் கணக்கெடுக்க முனையவில்லை.

இவற்றைவிட எளிதான ஒரு வழியும் எண்ணப்பட்டது. வெயில்தான் மக்குலாட்டசை அழைக்கிறது என்றால், ஓடைக்கரையில் மீண்டும் செடி கொடிகளை வளரவிட்டு நிழலைத் திருப்பித் தரலாமே? இம்முறை சில இடங்களில் பயன் அளித்தது. அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும், அங்குள்ள வேறொரு வெயிற்கொசுவுக்கு எதிராக, ஓடைகளின்மேல் வேலிச்செடி வளர்த்து நிழலிட்டனர். எனினும் மலாயாவில் இது எங்கும் பொருந்தவில்லை. பள்ளத்தாக்கு அகன்று நீர் தேங்கும் இடத்தில் நிழலைத் தந்தால் வெயிற்கொசு போய் நிழற்கொசு வந்துவிடும். ஒரு முறை கலைத்த காட்டைப் பாதி மட்டும் திருப்பித் தருவது எவ்வளவு கடினம் என்பதை இத்தொல்லை புலப்படுத்துகிறது.

இவ்வேலைகளாலும் கொய்னாவாலும் மருத்துவமனைகளாலும் 1920களில் தோட்டங்களின் இறப்புக் கணக்கு வெகுவாகத் தாழ்ந்தது. வாட்சனுக்கு 1924ஆம் ஆண்டில் சர் பட்டம் கிடைத்தது. அவர் அதற்குத் தகுதியுடையவர் என்பதில் ஐயமில்லை. தம் முறை தோற்ற இடத்தில் தோல்வியை மறைக்காமல் ஆராய்ந்த நேர்மை அவருக்கு இருந்தது. ஆனால் கிள்ளானின் வெற்றிக்கும் மலைத் தோட்டங்களில் தீர்வு பரவியதற்கும் இடையே பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன. இரப்பர் விலை உச்சத்திற்கு ஏறிய 1910ஆம் ஆண்டும், மிகுதியான காடு வீழ்ந்த காலமும் அந்த இடைவெளியில்தான் அடங்கும். அந்தப் பத்தாண்டுகள் காடு வெட்டுவதை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. ஆட்கள் குறைந்தபோது மேலும் ஆட்கள் கப்பலில் வந்தனர். பல தோட்டங்களில் மருத்துவச் செலவை மேலாளர்கள் கணக்கிட்டுப் பார்க்கத் தொடங்கியதற்கும், நோயாளியிடம் வேலை வாங்க முடியாது என்ற உணர்வே இரக்கத்தைவிடப் பெரிய தூண்டுதலாக இருந்தது.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1942 முதல் 1945 வரை, எண்ணெய் தெளிப்பும் வடிகால் பராமரிப்பும் நின்றுபோயின. மலேரியா லயங்களுக்குத் திரும்பியது. சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் பலரையும் அங்குள்ள காடுகளில் அதே நோய் கொன்றது. போருக்குப் பின் டிடிடி மருந்து வந்தது. 1967ஆம் ஆண்டில் நாடு தழுவிய மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இடையில் அறிவியலும் தன்னைத் திருத்திக்கொண்டது. அம்பிரோசஸ் என்று ஒரே பெயரால் வழங்கிய கொசுக் கூட்டத்துள் தனி இனம் ஒன்று இருப்பதை மலேரியா அறிஞர் ஏ. ஏ. சந்தோஷம் 1944ஆம் ஆண்டில் பிரித்துக் காட்டி, 'லெட்டிபர்' எனப் பெயரிட்டார். கடற்கரைச் சமவெளியில் மனிதருக்கு நோய் தந்தது பெரும்பாலும் இந்த லெட்டிபரே என்றும், அம்பிரோசஸ் சுமந்த கிருமி மிகுதியும் சருகுமானுக்குரியது என்றும் பின்னர் வந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின. இரண்டும் நிழலை நாடுவனவே. ஆதலால் கிள்ளானில் கோடரி செய்த பணி மட்டும் மாறவில்லை.

2018ஆம் ஆண்டில் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் பதியப்படவில்லை. கிள்ளானில் தொடங்கிய கதை அங்கு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. 1931ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவின் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட நீள்வால் குரங்கு ஒன்றின் குருதியில் புதுவகை மலேரியாக் கிருமி காணப்பட்டது. அதனை ஆராய்ந்த நோல்ஸ் என்பவரின் நினைவாக அதற்கு 'நோல்சி' எனப் பெயரிட்டனர். நெடுங்காலம் அது குரங்குகளின் நோயாகவே எண்ணப்பட்டது. 1965ஆம் ஆண்டில் பகாங் காட்டில் தங்கிச் சென்ற அமெரிக்கர் ஒருவருக்கு அது கண்டதை அரிய நிகழ்ச்சி என்று ஒதுக்கினர். 2004ஆம் ஆண்டில் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் ஆகியோரின் குழு, சரவாக்கின் கப்பிட் வட்டாரத்தில் மலேரியா நோயாளிகள் பலரிடம் இருந்தது இந்தக் குரங்கு மலேரியாவே என்று காட்டியது. இன்று மலேசியாவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரை அது தாக்குகிறது.

சபாவில் நடந்த ஆய்வுகள், சுற்றுப்புறத்தில் அண்மையில் காடிழந்த ஊர்களில் இந்நோய் மிகுந்திருப்பதைக் காட்டியுள்ளன. காடு சுருங்கியதால் குரங்குகள் தோட்ட ஓரங்களுக்கு வருகின்றன. அவற்றோடு கொசுவும் வருகிறது. இக்கொசு, வாட்சன் துரத்திய இரண்டையும் சேர்ந்ததன்று. காட்டிலும் காட்டோரத்திலும் நிழல் படிந்த சிறு குட்டைகளில் வளர்வது. நோயில் விழுவோர் பெரும்பாலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் காட்டோர நிலங்களிலும் உழைக்கும் ஆண்கள். வீட்டுச் சுவரில் தெளிக்கும் மருந்தும் கட்டிலில் தொங்கும் வலையும் அவர்களுக்கு முழுக் காப்பாவதில்லை. இந்தக் கொசு வீட்டிற்கு வெளியே, வேலை முடிந்து திரும்பும் அந்திப் பொழுதில் கடிக்கிறது.